நிற்கத் தெரிந்த கார்

புத்தளம் நகரை விட்டு வடதிசையாக மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வீதியிலே எலுவன்குளத்தை அடைந்ததும், பிரயாணியின் முன்னே கலா ஓயா குறுக்கிட்டு நிற்கும். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலா வாவியின் நீரைச் சுமந்துகொண்டு, ஏறக்குறைய 148 கிலோமீற்றர் தூரம் ஓடி வரும் அந்த ஆறு, இவ்வூரைத் தாண்டியதும் கண்டற் காடுகளினூடே சென்று கடலோடு கலந்துவிடுகிறது. அக்கரையில் வில்பத்து வனம். இக்கரையில் வயலும் தோட்டமும் மீன்பிடியுமாக வாழும் மக்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், மாரிக்காலம் தொடங்கியிருந்த ஒரு மாலைப் பொழுதில், நண்பர் ஒருவருடன் அக்கரைக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தேன். அவருடைய தந்தையார் வைத்திருந்த 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் அது. சப்பாத்துப் பாலத்தின் மேல் அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் நடந்து வருவதைக் கண்டு துணிந்து, நாங்களும் காரை ஊர்ந்து செலுத்திக் கரையேறினோம். “பார்த்தீரா, கிழவன் எப்படி வருகிறான்!” என்று நண்பர் பெருமையுடன் காரைத் தட்டிக் கொடுத்தார்.

அந்தப் பெருமை அரை மைல் தூரமும் நிலைக்கவில்லை. பற்றைக்குள்ளிருந்து மாடுகள் சில வீதிக்கு ஏறின. அவற்றின் பின்னே பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நண்பர் பிறேக்கை மிதித்தார். பெடல் கெட்டியாகவே நின்றது. ஆனால் கார் நிற்கவில்லை. சில்லுகளுக்குச் சவர்க்காரம் பூசினாற்போல வழுக்கிக்கொண்டே போயிற்று. ஹான்ட் பிறேக்கை இழுத்து, காரை ஓரத்துப் புல்லுக்குள் திருப்பியதனால் தப்பினோம். சிறுவன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் வழியே போனான். நிகழவிருந்தது இன்னதென்று அவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருந்தது, அன்றிரவு இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

மறுநாளே வீட்டில் விவாதம் எழுந்தது. பழைய பிறேக்கை முற்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய கார்களில் உள்ளதைப் போன்ற டிஸ்க் பிறேக் பூட்டிவிட வேண்டும் என்றார் நண்பர். அவருடைய தாய்மாமனோ, “தம்பி, அப்பா ஓட்டிய காரில் ஓர் ஆணியையும் மாற்றாதே. மாற்றினால் அது அவருடைய காராக இராது” என்றார். இவ்விருவரில் யார் சொன்னது சரி என்பதே இந்த வாரம் நாம் ஆராயப் போகும் பொருள்.

முதலில் பிறேக் என்பது யாது என்று பார்ப்போம். மாணவர்கள் இதனைச் சற்றுக் கூர்ந்து கவனிப்பார்களாக. ஓடும் காரிடத்தில் இயக்கசக்தி இருக்கிறது. காரை நிறுத்துவதென்றால் அந்தச் சக்தியை அழிப்பதன்று. சக்தியை எவராலும் அழிக்க இயலாது. உராய்வினால் அதனை வெப்பமாக மாற்றிக் காற்றிலே விட்டுவிடுவதே பிறேக்கின் வேலை. நால்வரும் பொதிகளும் ஏறிய மொறிஸ் மைனர் ஏறக்குறைய 1,100 கிலோகிராம் நிறை இருக்கும். அது மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு முறை நிற்கும்போது உண்டாகும் வெப்பம், சாதாரணத் தண்ணீர் ஏறக்குறைய 900 மில்லிலீற்றரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கேத்தில் ஒன்றில் தேநீருக்கு நீர் வைக்கும் அந்த வேலையை, பிறேக் சில விநாடிகளில் செய்து முடிக்கிறது!

வேகம் இரு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். இங்கிலாந்தின் வீதி ஒழுங்கு நூல் தரும் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், பிறேக் பிடித்த பின் 14 மீற்றரில் நிற்கும். வேகம் 60 மைலானால் அதற்கு 55 மீற்றர் வேண்டும். சாரதி ஆபத்தைக் கண்டு காலை வைக்கும் முன் கார் கடந்துவிடும் தூரம் இதற்குப் புறம்பு. வீதி நனைந்திருந்தாலோ நிறுத்தும் தூரம் குறைந்தது இரட்டிப்பாகும். இக்கணக்கும் நல்ல பிறேக் உள்ள காருக்கே பொருந்தும்.

காலின் பலம் சில்லுக்குப் போய்ச் சேருவது எப்படி? மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அமுக்கம் எல்லாத் திசையிலும் குறையாமற் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து அறிஞர் பஸ்கால் கண்டு கூறினார். அந்த உண்மையைக் காருக்குப் பயன்படுத்தியவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிறேக் ஒயில் அமுக்கப்பட்டு, மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் ஒரே வேளையில் செய்தி கொண்டு செல்கிறது. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூசன்பேர்க் கார் நான்கு சில்லுகளுக்கும் இத்தகைய பிறேக்குடன் வெளிவந்தது.

சில்லில் அந்தச் செய்தியைப் பெறும் உறுப்பு இரு வகைப்படும். ஒன்று டிரம், சில்லோடு சேர்ந்து சுழலும் சட்டி போன்ற இரும்பு. அதனுள்ளே பிறை வடிவான இரண்டு சூக்கள் விரிந்து சட்டியின் உட்புறத்தை உராய்கின்றன. மற்றையது டிஸ்க், வெளியே திறந்த நிலையில் சுழலும் இரும்புத் தட்டு. அதனை இருபுறமும் இரண்டு பட்டைகள் இடுக்கிபோற் பிடிக்கின்றன. டிஸ்க் பிறேக்குக்கு 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்ரர் உரிமை பெற்றிருந்தார். எனினும் 1953ஆம் ஆண்டு லெ மான் ஓட்டப் போட்டியில் டிஸ்க் பூட்டிய ஜகுவார் கார் வெற்றியீட்டிய பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

இனி மொறிஸ் மைனருக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து 1948ஆம் ஆண்டில் வெளிவந்த இச்சிறிய கார், 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. இலங்கையில் இது ஆசிரியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் குடும்ப வண்டியாக இருந்தது. இதன் உடற்தகடுகளை இந்நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றுகூட 1990களில் ஏற்பட்டது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வாராதிருந்த காலத்தில், கொட்டிலில் உறங்கிய கிழக் கார்கள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. ஆகவே இந்த ஆராய்ச்சி எங்கள் நண்பர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

1962 வரை வந்த மைனரின் முன்சில்லுகளில் 7 அங்குல டிரம் இருந்தது. அவ்வாண்டில் 1,098 சீ.சீ. எஞ்சின் வந்தபோது, பலம் கூடிய காரை நிறுத்த அது போதாதென்று கண்டு, தயாரித்தவர்களே முன் டிரம்மை 8 அங்குலமாக்கினர். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் மாமனாருக்கு விடை கூற இது உதவும்.

அன்று மாலை எங்கள் பிறேக் ஏன் பிடிக்கவில்லை? டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சூக்களை நனைத்துவிட்டது. உராய வேண்டிய இடத்தில் நீர்ப்படலம் நின்று வழுக்கியது. டிஸ்க் திறந்திருப்பதால், சுழலும் வேகத்திலேயே நீரை வீசி எறிந்துவிடும். தண்ணீர் முதலாம் பகைவன் என்றால், வெப்பம் இரண்டாம் பகைவன். கடுகண்ணாவை போன்ற இறக்கங்களில் பிறேக்கை ஓயாமல் மிதித்து வந்தால், மூடிய டிரம்முக்குள் வெப்பம் தேங்கும், சூடேறிய டிரம் விரிந்து சூவை விட்டு விலகும், பிடி தளரும். மூன்றாம் பகைவன் உப்பு. உப்பளங்கள் நிறைந்த புத்தளம் கரையோரத்தில் வீசும் காற்று, இரும்புக் குழாய்களை வெளியே தெரியாமல் அரித்துவிடும். நான்காம் பகைவன் காலம். பல ஆண்டுகளான றப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி அடைபடும். அல்லது ஒரு நாள் திடீரென வெடிக்கும். பிறேக் ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகைக்குக் குறிக்கப்பட்ட கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் அது 155 பாகை வரை இறங்கக்கூடும். ஒயில் குழாய்க்குள் கொதித்து ஆவியானால், பெடல் வெறுமையாகத் தரையைத் தொடும். ஆவியை அமுக்கலாம், அதைக் கொண்டு காரை நிறுத்த இயலாது.

இதனாற் பெறப்படுவது என்ன? டிஸ்க் பூட்டுவது முதலிரு பகைவருக்கே மருந்து. அரித்த குழாயும் கிழிந்த றப்பரும் பழைய ஒயிலும் உள்ள காரில் டிஸ்க்கைப் பூட்டுவது, இற்ற கயிற்றின் நுனியில் புதிய வாளியைக் கட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே பிறேக்கை மேம்படுத்த விரும்புவோர் ஒழுங்கு முறை ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும்.

முதற்படி, உள்ளதைச் செப்பனிடுதல். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பை நீக்கி மூடியைத் திறந்தாலன்றி ஒயில் மட்டம் தெரியாது. கண்ணிற் படாதது கவனத்திலும் படாது. அதனையும் சில்லுச் சிலிண்டர்களையும் கழற்றி, கப் றப்பர்களை மாற்ற வேண்டும். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாக, துருவேறாத செம்பு நிக்கல் கலப்புக் குழாய்களை இடுவது கரையோர மக்களுக்கு மிக நன்று. றப்பர்க் குழாய்களைப் பார்வைக்கு நல்லவையாயினும் மாற்றிவிடுக. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒயிலை முழுதும் மாற்றுக. ஒயில் கிடைக்கவில்லையென்று எஞ்சின் ஒயிலை ஊற்றுவது பெருந்தவறு. அது றப்பரை ஊதச் செய்து பிறேக்கையே கெடுத்துவிடும். பழைய சூக்களின் பட்டையில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியை ஊதாமலும் காற்றடித்துத் துப்புரவாக்காமலும், நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். அது நெஞ்சுக்கு நஞ்சு.

இரண்டாம் படி, இரட்டை வழி. அக்காலக் கார்களில் நான்கு சில்லுக்கும் ஒயில் வழி ஒன்றே. எங்கேனும் ஓரிடத்தில் குழாய் உடைந்தால் நான்கும் ஒருங்கே பயனற்றுப் போகும். மிஞ்சுவது ஹான்ட் பிறேக் மட்டுமே. இரட்டை மாஸ்டர் சிலிண்டரை வைத்து முன்னுக்கு ஒரு வழியும் பின்னுக்கு ஒரு வழியும் பிரித்துவிட்டால், ஒன்று போனாலும் மற்றது காரை நிறுத்தும். அமெரிக்கா 1968ஆம் ஆண்டிலிருந்து புதிய கார்களுக்கு இதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. என் கருத்தில், டிஸ்க்கைவிட இதுவே முந்தியது. டிஸ்க் காரை விரைவில் நிறுத்தும். இரட்டை வழியோ, நிறுத்தவே இயலாத நாளில் கைகொடுக்கும்.

மூன்றாம் படியிலேதான் முன்சில்லு. பிந்திய மைனரின் 8 அங்குல டிரம்மைப் பூட்டலாம். மைனரின் அடித்தளத்தையே கொண்டு 1957இல் வெளிவந்த வூல்ஸ்லி 1500 காரின் 9 அங்குல முன் பிறேக்கும் பொருந்தும். டிஸ்க் வேண்டுவோர், 1971இல் வந்த மொறிஸ் மரீனா காரின் உறுப்புகளையோ, இதற்கென இப்போது விற்கப்படும் தொகுதிகளையோ நாடுவர். மரீனாவின் முன்புற அமைப்பு மைனரிலிருந்து பிறந்ததாகையால் அந்த உறவு பொருந்தி வருகிறது. ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. டிரம்முக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரில், குழாய்க்குள் சிறிது அமுக்கத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிஸ்க்குக்குப் போகும் வழியில் அதனை விட்டுவைத்தால், பட்டைகள் தட்டை விடாமற் பற்றிக்கொண்டு எரியும். சில்லின் உட்புறம் டிஸ்க்கின் இடுக்கியில் உரசாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பின்சில்லுக்கு டிஸ்க் வேண்டுமா என்று கேட்பார் உளர். வேண்டியதில்லை. பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னே சாய்கிறது, பின்புறம் இலேசாகிறது. அவ்வேளையில் பின் பிறேக் மிகுந்த பலத்துடன் பிடித்தால், பின்சில்லு முதலிற் சிக்கிக் கார் சுழன்றுவிடும். பலத்தினும் சமநிலையே பெரிது.

கடைசிப் படி, வெக்கும் சேர்வோ. எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தின் உதவியால் இது காலின் பலத்தைப் பெருக்கித் தரும். பலர் இதனையே முதலிற் பூட்டுகின்றனர். பெடல் இலகுவானதும் பிறேக் நன்றாகிவிட்டதென்று மகிழ்கின்றனர். சேர்வோ பிறேக்கின் குறையைத் தீர்ப்பதில்லை. காலுக்குத் தெரியாமல் மறைக்கிறது. அரித்த குழாய்க்குள் முன்னிலும் கூடிய அமுக்கத்தை வேறு ஏற்றுகிறது. முதல் மூன்று படிகளும் ஏறிய பின்பே இதனை எண்ணுக.

வேலை முடிந்ததும் குழாயிலுள்ள காற்றை முற்றாக எடுத்து, பெடலை ஒரு நிமிட நேரம் பலமாக அழுத்திப் பிடித்து, அது மெல்லத் தாழ்கிறதா என்றும் எங்கேனும் கசிகிறதா என்றும் பாருங்கள். பின்னர் வெறுமையான வெளியொன்றில், நடக்கும் வேகத்தில் தொடங்கிச் சோதியுங்கள். இவ்வேலை கைதேர்ந்த மெக்கானிக் ஒருவருடைய மேற்பார்வையில் நடப்பது அவசியம். செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து வைப்பதும் அறிவுடைமை.

இனி மாமனாருக்கு விடை கூறுவோம். பழைய பொருளைப் பழையபடியே காக்க வேண்டும் என்னும் அவருடைய எண்ணம் போற்றத்தக்கது. நிறமும் ஆசனமும் ஹோர்ன் சத்தமும் அப்படியே இருக்கட்டும்; அவை காருக்குள் இருப்பவர்களுடைய இன்பம். பிறேக் அப்படிப்பட்டதன்று, அது காருக்கு வெளியே இருப்பவர்களுக்கு நாம் பட்ட கடன். மாட்டை ஓட்டி வந்த அந்தச் சிறுவனுக்கு, எதிரே வருவது எந்த ஆண்டுக் கார் என்று கேட்டு விலகி நிற்க அவகாசமில்லை. எங்கள் பக்தியின் விலையை அவன் கொடுக்க வேண்டுமென்பது நியாயமாகாது. அத்துடன், தயாரித்தவர்களே 1962இல் தங்கள் பிறேக்கை மாற்றினார்கள் அல்லவா? நல்ல மாற்றத்தைச் செய்வது அந்தக் காரின் மரபுக்கு மாறானதன்று, அதுவும் மரபே.

நண்பரின் வீட்டில் விவாதம் இவ்வாறு முடிந்தது. இரட்டை வழியும் முன்சில்லுக்கு டிஸ்க்கும் பூட்டுவதென்றும், ஆனால் காரின் உடலில் ஓரிடத்தையும் வெட்டாமல், வேண்டும்போது திரும்பக் கழற்றக்கூடியபடி செய்வதென்றும் உடன்பட்டார்கள். கழற்றிய 7 அங்குல டிரம்களுக்கு மாமனார் தம் கையாலேயே கிறீஸ் பூசி, பழைய வேட்டித் துணியிற் சுற்றி, மரப்பெட்டியொன்றில் வைத்து, மேலே காரின் இலக்கத்தையும் எழுதி வைத்தார். தந்தையின் கார் முழுமையாகவே வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு பங்கு மட்டும் பெட்டிக்குள் ஓய்வெடுக்கிறது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எந்த பிறேக்கும் வெள்ளத்தை நிறுத்தாது. ஓர் அடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் சிறிய காரைத் தூக்கிச் செல்லப் போதுமானது. அவ்வேளையில் கரையிலே காத்திருப்பதே சாரதியின் திறமை. அசையாத சிறு நீரைக் கடக்க நேர்ந்தால், கரையேறியதும் மெல்லச் செலுத்தியபடியே பிறேக்கை இலேசாகப் பல முறை மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள். சென்ற மாரியில் நாங்கள் மறுபடியும் எலுவன்குளத்துக்குப் போயிருந்தோம். பாலத்தின் மேல் தண்ணீர் செந்நிறமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. நண்பர் காரைக் கரைக்கு வெகு தூரத்திலேயே நிறுத்தினார். கார் உடனே நின்றது. சிறிது நேரம் ஆற்றைப் பார்த்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்பினோம்.